லங்காவியில் நீலக் குடை

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் லீலா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நம் மலை ஊர் பேத்துப்பாறையில் பனி விழும், வெள்ளனே எழுந்து குளிர்ந்த தண்ணீரில் நிற்காதீர்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மலேசியா வந்து நான்கு வருடத்தில் முதல்முறையாக, நானும் உங்கள் மருமகனும் ஓய்வுக்காக லங்காவித் தீவுக்குப் போனோம். கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கப் போனவர், எங்கள் குடை என்று நினைத்து, பக்கத்து நீலக் குடையின் கீழ் இருந்த ஒரு சீனப் பெண்ணின் அருகில் உட்கார்ந்து, "வெரசா தின்னு புள்ள, உருகுது" என்று நீட்டினார். அவள் சிரித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அறைக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "லீலா, ஆறு மாசமா கண்ணு மங்கிக்கிட்டே வருது. சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார்.

திரும்பி வந்து காட்டியபோது, இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை வேண்டாம் என்று நேற்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து என்னிடம்கூடப் பேசவில்லை. எனக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள் அம்மா?

தை மாதம் ஊருக்கு வந்துவிடுகிறோம். மகனின் கண்ணைப் பற்றி அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம். ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு இறங்கும் படிகளில், பிடித்து நடக்க ஒரு பக்கம் கம்பி மட்டும் போட்டு வையுங்கள். அவர் கூப்பிடுகிறார்.

லீலா