மணமில்லாத பூவைத்தான் எடுத்தேன்

ஆவணி, 1997, ஞாயிறு. கொல்லையில்.

மோள் பார்த்துவிட்டாள்!

ஏழாம் மாசத்திலேயே பிறந்த பெண் பிள்ளை. கண்ணுக்குள் ரத்தக்குழாய் தாறுமாறாக வளர்ந்திருக்கிறது என்று திருவனந்தபுரத்தில் லேசர் வைத்தார்கள். பார்வை நிற்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கிலுகிலுவென்று கிலுக்கை ஆட்டி, "மக்கா, இங்க பாரு" என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்புவாள். "கண்ணு நல்லா தெரியுதாக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சத்தம் கேட்டால் யார்தான் திரும்பமாட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று மத்தியானம் வளையலைக் கழற்றினேன். ரேடியோவை நிறுத்தினேன். கிலுக்கோடு வந்த அவள் அப்பாவிடம், "நீங்க கொஞ்சம் மிண்டாம, பேசாம இருங்க" என்றேன். முற்றத்துச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து வந்தேன். அதற்கு மணமும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே மெல்ல நகர்த்தினேன்.

கண் பூவோடு வந்தது! வலப்பக்கம் போனேன், வந்தது. இடப்பக்கம், அங்கேயும்!

"எடியே, பிள்ள பாக்குதுடி" என்று அவர் கத்தத் தொடங்கினார். அவர் வாயைப் பொத்தினேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பூவைக் கீழே வைத்துவிட்டு, அதே இடத்தில் என் முகத்தைக் கொண்டுபோனேன். மிண்டவில்லை.

பார்த்தாள். நெற்றி சுருக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

இதுவரைக்கும் நான் அவளுக்கு ஒரு சத்தம் மட்டும்தான். முதல்முதலாக அம்மா முகத்தைப் பார்க்கிறாள், நான் தலைகூட சீவியிருக்கவில்லை.