இடப்பக்கம் வைத்த ஐந்து தட்டுகள்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய என் துணைவருக்கு,

இங்கு நானும் நம் மகளும் நலமாக இருக்கிறோம். தங்கள் முழங்காலும் தாங்கள் பராமரிக்கும் கப்பல் இயந்திரமும் ஒருசேர நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இரண்டில் எது முனகினாலும் தங்களுக்கு உறக்கம் வராது என்பதை அறிவேன்.

வீட்டுச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது. பிளம்பர் மூன்று நாள் வருகிறேன் வருகிறேன் என்று வாயாலேயே வந்துகொண்டிருந்தபடியால், வாஷரை நானே மாற்றினேன். நம் மகளுக்கு மருந்துக் கடையில் காலை நேரப் பணி கிடைத்துவிட்டது. மாலையில் அவள்தான் என் பாடப் படங்களைத் திருத்துகிறாள். சென்ற வாரம் நான் வரைந்த தாவரச் செல்லைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது செல்லா, வாடகைக்கு விடுற வீடா?" என்று கேட்டாள். சுவர் இருக்கிறது, உள்ளே அறைகள் இருக்கின்றன, வீடென்றால் என்ன குறை என்று மறுமொழி கூறினேன். பிறகு அவள் பார்க்காத நேரத்தில் அழித்து வரைந்தேன்.

இனி, தாங்கள் கேட்காத செய்திக்கு வருகிறேன்.

இருபத்தொரு ஆண்டுகளாக எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி வருகிறேனோ, அதே ஆய்வுக்கூடத்தில் உயிரியல் அறிமுகப் பாடத்தின் முதலாண்டு மாணவியாக நான் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. தொலைபேசியில் அதைத் தெரிவித்தபோது "சரி" என்றீர்கள். பின்பு வானிலை எப்படி என்றீர்கள். அதன்பின் எட்டு முறை பேசிவிட்டோம். எட்டு முறையும் வானிலை நன்றாகவே இருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவள், மாணவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களைப் படித்தே பள்ளித் தேர்வுகளைத் தனியாக எழுதித் தேறி, ஊழியருக்கென ஒதுக்கப்பட்ட ஒரே இடத்தைப் பெற்றேன். அவ்விடத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. பருவ இறுதிச் செய்முறை அறிக்கைக்கு நாற்பது மதிப்பெண். இருபது பெறாவிட்டால் இரண்டாம் பருவம் கிடையாது. இடம் வேறோர் ஊழியருக்குப் போய்விடும். மறுமுறை கேட்க இயலாது.

எங்களுக்குக் கிடைத்த ஆய்வு, கை கழுவுதலைப் பற்றியது. கழுவாத விரல், வெறும் நீரில் கழுவிய விரல், சோப்பிட்ட விரல், ஸ்பிரிட் தடவிய விரல் ஆகியவற்றை உணவுக்கூழ் பரப்பிய நான்கு கண்ணாடித் தட்டுகளில் ஒற்றி எடுக்க வேண்டும். ஐந்தாவது தட்டு எவரும் தொடாதது. இரண்டு நாள் வெப்பப் பெட்டியில் வைத்தால் பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாய் வளரும். அவற்றை எண்ண வேண்டும். என் கூட்டாளி பத்தொன்பது வயதுப் பெண். உருவத்தில் சிறியவள், பேச்சில் காரம் அதிகம், ஆகவே வகுப்பில் அவள் பெயர் கடுகு.

புதன் மாலை தட்டுகளை வெளியே எடுத்தோம். மறுநாள் எண்ணலாம் என்றார் விரிவுரையாளர் அம்மையார். நடு மேசையில் அவற்றைப் பத்திரமாக வைத்தது நான்தான். அந்த மேசைக்கு ஒரு விதி உண்டு. 'இடப்பக்கம் கழுவ, வலப்பக்கம் காக்க.' அதை வகுத்தவளும் நான், அழகிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளும் நான். அவ்விதியை மீறிய எத்தனை மாணவர்களை நான் வறுத்தெடுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

வலப்பக்கம்தான் வைத்தேன். ஆனால் அன்று நான் நின்றது மாணவர்கள் நிற்கும் பக்கம். இருபத்தொரு ஆண்டுகளும் எதிர்ப்புறம், கழுவும் தொட்டியை ஒட்டி நின்றே பழகியவள் நான். மாணவியின் வலப்பக்கம், கழுவுபவளின் இடப்பக்கம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வேலைக்கு வந்தேன். இடப்பக்கம் இருந்தவற்றையெல்லாம் வழக்கம்போல் பிளீச்சிங் நீரில் அமிழ்த்தினேன். ஊறியபின் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். எல்லாத் தட்டுகளின் அடியிலும் ஏதேனும் எழுதியிருக்கும். கழுவுபவள் எழுத்தைப் படிப்பதில்லை, அழிக்கிறாள். ஐந்தாவது தட்டில் பாதி அழிந்த எழுத்தைக் கண்டு கை நின்றது. அது என் கையெழுத்து.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை அப்போது என்ன நினைக்கும் என்று எவரும் சொல்லவில்லை. ஈரக் கையோடு முக்காலியில் அமர்ந்துவிட்டேன்.

கடுகு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, பக்கத்து மேசைல எண்ணினதைப் பார்த்து நாலஞ்சு கூட்டிக் குறைச்சு எழுதிடலாம். கழுவினது நீங்க. உங்க மேல யாரு வந்து புகார் சொல்லப் போறாங்க?" என்றாள்.

மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. உண்மையைச் சொன்னால் மாணவியாகவும் தோற்பேன், ஊழியராகவும் தலை குனிவேன். 'என் கையில் ஒரு தட்டும் தவறியதில்லை' என்று இத்தனை ஆண்டுகள் மார்தட்டியவள் நான். ஆயினும், இல்லாத புள்ளியை எண்ணி எழுதுவதற்காகவா நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன் என்று உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குக் கை வரவில்லை. கடுகிடம், நீ தனியாகப் புதிய ஆய்வு செய்ய அனுமதி கேட்டுத் தருகிறேன் என்றேன். அவள் முறைத்தாள். "நீங்க வெளிய போயிட்டா அந்த மேசைல நான் யாரோட சண்டை போடுறது? எழுதுங்கக்கா, ரெண்டு பேரும் சேர்ந்தே முங்குவோம்."

விரிவுரையாளரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். கூடவே இருந்த ஆய்வுக்கூட மேற்பார்வையாளர், பசங்களைத் திட்டும் அந்த வாய் இன்று எங்கே போயிற்று என்று கேட்டார். வாய் இங்கேதான் இருக்கிறது ஐயா, அதனால்தான் சொல்ல வந்தேன் என்றேன். அம்மையார் சிரிக்கவில்லை. மறு ஆய்வுக்கு நாள் இல்லை என்றும், முடிவுகளுக்குரிய பதினைந்து மதிப்பெண் கிடைக்காது என்றும் தெளிவாகச் சொன்னார். மீதமுள்ள இருபத்தைந்தில் நாங்கள் இருபது பெற்றாக வேண்டும்.

நானும் கடுகும் ஏழு பக்கம் எழுதினோம். நோக்கம், செய்முறை ஆகியவற்றை ஐயம் திரிபற எழுதினோம். 'முடிவுகள்' என்னும் தலைப்பின் கீழ் ஒரே வரி: 'தட்டுகள் எண்ணப்படுமுன் எங்களில் ஒருவரால் கழுவப்பட்டன.' 'பிழை ஆய்வு' என்னும் பகுதியில் மேசையின் படம் வரைந்தேன், இருபுறமும் ஆள் நிற்பதாக. இடமும் வலமும் பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை, ஆகவே அவ்விதி தொடக்கம் முதலே பிழையானது, இதுகாறும் பழி சுமந்த மாணவர்களில் பலர் குற்றமற்றவர்கள் என்று எழுதினேன். அதை எழுதும்போது மட்டும் பேனா சற்றுத் தயங்கியது.

நேற்று மதிப்பெண் வந்தது. இருபத்திரண்டு.

வகுப்பிலேயே தேறியவர்களில் இதுதான் கடைசி மதிப்பெண் என்று கடுகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், ஏதோ பரிசு வாங்கியவள் போல. பிழை ஆய்வுப் பகுதிக்கு மட்டும் முழு மதிப்பெண். அதன் ஓரத்தில் அம்மையார், 'இந்த ஆண்டு நான் படித்த அறிக்கைகளில் நான் முழுமையாக நம்பியது இது' என்று எழுதியிருக்கிறார். சுவரில் இருந்த என் பழைய தாளை நானே கிழித்துவிட்டு, 'தொட்டிப் பக்கம் கழுவ, சன்னல் பக்கம் காக்க' என்று புதிதாக எழுதி ஒட்டினேன். நாற்பதும் பெற்றுத் தேறியிருந்தாலும் இவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பேனா என்பது ஐயமே.

அறிக்கையின் நகல் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். எண்ணெய் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். தங்களோடு பணிபுரிவோர் அதைப் புரட்டிப் பார்த்து, எழுதியது யார் என்று கேட்கக்கூடும். அவர்களுக்குத் தாங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை, சொன்ன சொல் மாறாமல் எனக்கு எழுதி அனுப்பும்படி மிகப் பணிவுடன் வேண்டுகிறேன். ஒரு வரி போதும்.

நீரும் காற்றும் தங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவியும்
உயிரியல் இரண்டாம் பருவ மாணவியுமாகிய
நான்.