மூன்றாவது பாகு

பாப்பாவின் அம்மாவுக்கு, உன் வீட்டுக்காரன் அன்போடு எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகம் பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இருபது நாளாக நீ அவளிடம் மட்டும் பேசுகிறாய். குறையாகச் சொல்லவில்லை. போனில் உன் குரல் கேட்டால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். மாடி வீட்டு நர்ஸம்மா நாளை அங்கே வருகிறார். அவர் கையில் இதையும் ஒரு தகர டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன்.

டப்பாவில் கடலை மிட்டாய் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் வாய் செத்துப்போச்சு, நறுக்கென்று கடிக்க எதுவாவது வேண்டும்போல இருக்கிறது என்று பாப்பாவிடம் சொன்னாயாமே. கடையில் வாங்கி அனுப்பலாம் என்றேன். "அம்மா கேட்டது வீட்ல செய்றதைப்பா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

ஞாயிறு காலையில் வேலையில் இறங்கினோம். கடலையை வறுத்துத் தோலை ஊதியதில் அடுப்படி முழுக்கத் தோல். கூட்டக் கூட்ட எங்கிருந்தோ வருகிறது. முதல் பாகை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். மிட்டாய் பசையாக இழுத்தது. பதம் பார்க்கிறேன் பேர்வழி என்று கடித்ததில் என் கட்டுப்பல் அதோடு போய்விட்டது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது பாகு கொதிக்கும்போது உன் தம்பி போன் செய்தான். உனக்குத் தெரியாமல் வராந்தாவில் நின்று பேசுவதாகச் சொன்னான். மூச்சு வாங்கியது. "மாமா, அக்கா எனக்குக் கிட்னி குடுக்கறதுல உங்களுக்கு இஷ்டமில்லேன்னு தெரியும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஆபரேஷனுக்கு மாட்டேன்னுட்டு அக்காவை அனுப்பிடறேன். உங்க பேரு வெளியே வராது" என்றான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்தது. நீ கிளம்பிய அன்று வாசலை மறித்துக்கொண்டு, போனால் போனதுதான் என்று கத்தினேனே, அதே ஆள்தான் அப்போதும் எனக்குள்ளே உட்கார்ந்திருந்தான். பாகு கருகுது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். நிஜமாகவே கருகித்தான் போயிருந்தது. பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தைத்தான் இத்தனை நாள் கோபம் என்று உன்னிடம் காட்டினேன்.

பிறகு நானே அவனைக் கூப்பிட்டேன். "அக்கா குடுக்கறதை வாங்கிக்கோடா. மறுத்தேன்னா அப்புறம் என் முகத்திலேயே முழிக்காதே" என்றேன். அவன் அழுதான். நான் அழவில்லை என்று பாப்பா உன்னிடம் சொன்னால் நம்பாதே.

புகை வாசம் பிடித்து இறங்கி வந்த நர்ஸம்மாதான் மூன்றாவது பாகுக்குக் கூட நின்றார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டுமாம். பதினெட்டு வருஷம் லேத்தில் இரும்பு கடைந்தவனுக்கு இந்தச் சொட்டு கண்ணாமூச்சி ஆடியது. கடைசியில் ஒடிந்தது. நெய் தடவிய தட்டில் கொட்டி, சூட்டோடு சூடாக நான் தேய்க்க, பாப்பா துண்டு போட்டாள். டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடு. உன் தம்பிக்குக் கடலை ஆகாது, அவன் கண்ணில் காட்டாதே.

பாப்பா புதன்கிழமை பரீட்சை முடித்துவிடுகிறாள். பட்டறையில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். அன்று சாயங்கால பஸ்ஸில் இருவரும் வருகிறோம். என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. பேச மனம் வரும்போது பேசு.

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்து நீ நல்லபடியாக வெளியே வர வேண்டும். கண் திறந்ததும் ஆள் தெரியாவிட்டால் ஒரு குரல் கொடு. கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் இருப்பேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அப்பா