ஜூடிக்குக் கட்டிய பேனர்

ராயபுரம்
5.1.2025

என் செல்லப் பேத்தி டாக்டர் ஜூடிக்கு, ஆயா இருதயம்மாள் நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது. அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். இருப்பது ஒரே அறை. நான் வாயைத் திறந்தால் உன் அண்ணன் ஜெரிக்கும் கேட்கும், அவன் பெண்டாட்டி மெர்லினுக்கும் கேட்கும்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் உன் பேரை மைக்கில் சொன்னார். பிள்ளைப்பேறு பற்றி நீ எழுதியதை எத்தனையோ தேசத்து டாக்டர்கள் தங்கள் எழுத்தில் எடுத்துச் சொல்கிறார்களாம். அஞ்சாங்கிளாசோடு நின்ற எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. ஆனால் மீன் வாங்கப் போனால்கூட, "டாக்டரு ஆயா வந்துகீது, நல்ல வஞ்சிரமா எடு" என்கிறார்கள். அடுத்த மாதம் கோயில் ஹாலில் உனக்குப் பாராட்டு விழா. நீ வராவிட்டால் என்ன, மாலையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சங்கடம். கல்யாணமாகி ஆறு வருஷம், மெர்லின் வயிறு திறக்கவில்லை. ஈஸ்டருக்குள் ஒன்றும் இல்லையென்றால் அவளைத் திருவொற்றியூரில் தாய் வீட்டில் விட்டுவிடுவேன் என்று ஜெரி சொல்லிவிட்டான். உலகத்துக்கே வைத்தியம் சொல்கிறாய். அவளுக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பு.

உன் ஆயா
இருதயம்மாள்


எடின்பரோ
20.1.2025

அன்பு ஆயாவுக்கு,

அண்ணிக்கு மாத்திரை வேண்டாம். இரண்டு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்பியிருந்தார். அவரிடம் ஒரு குறையும் இல்லை.

நான் இத்தனை வருஷமாக ஆராய்வதே இதைத்தான். பிள்ளைக்காக ஏங்குகிற தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. எண்ணூரில் அண்ணன் நாள் முழுக்க இரும்பு உலைக்கு முன்னால் நிற்கிறான். அந்தச் சூடே உயிரணுவைக் குறைக்கலாம். வேலை இடம் மாறினால் சரியாகவும் கூடும். அதற்கு முதலில் அவன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். போன ஈஸ்டரில் அவனிடமே இதைச் சொன்னேன். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நீ. நீ சொன்னால் கேட்பான். இங்கே நான் மேடையில் பேசினால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். நம் வீட்டில் ஒருத்தன் காதில் ஏற்ற என்னால் முடியவில்லை.

உன்
ஜூடி


ராயபுரம்
6.2.2025

ஜூடிக்கு,

வளர்த்தவள் எப்படியடி பேரனிடம் போய் அதைக் கேட்பது? சோறு போடும்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன். "இன்னா ஆயா?" என்கிறான். "கொயம்பு போதுமா நைனா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறேன்.

மெர்லின் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு எழுதிச்சா ஆயா? எனக்கு இன்னா சொல்லிச்சு?" வேண்டிக்கொள்ளச் சொன்னதாகப் பொய் சொன்னேன். இனிமேல் இதையெல்லாம் எனக்கு எழுதாதே.

நல்ல சேதி ஒன்று. விழாவுக்குப் பேனர் கட்டுகிறோம். பிளெக்ஸ் கடை தாமஸ், "மூஞ்சி மட்டும் போட்டா பத்தாது ஆயா. அது இன்னா கண்டுபுட்சிதுன்னு ஜனத்துக்குத் தெரிய வாணாமா?" என்றான். நீ முன்னே அனுப்பிய, உன் கட்டுரை வந்த தாளைக் கொடுத்தேன். தமிழாக்கித் தானே போட்டுக்கொள்கிறானாம். டாக்டர்களுக்கு இங்கிலீஷில் எழுதியதில் நம் வீட்டுச் சங்கதியா இருக்கப்போகிறது?

ஆயா


ராயபுரம்
20.2.2025

ஜூடிக் கண்ணு,

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், நம் வாசலுக்கு நேராகப் பேனர். உன் படம் ஆள் உயரம். கீழே கொட்டை எழுத்தில், "பிள்ளை இல்லையா? பெண்ணை மட்டும் குறை சொல்லாதே! ஆணிடமும் காரணம் உண்டு! உலகுக்குச் சொன்ன எங்கள் பேட்டை மகள்."

ஜெரியின் தோஸ்து நோயல் கத்தினான்: "இன்னா மாமு, உன் தங்கச்சி உனக்கே பேனர் வெச்சிகீது?" சந்தே சிரித்தது. ஜெரி மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். விழாவுக்கு என்னைக் கூட்டிப்போக வந்த சாமியார் பார்க்கிறார், மாலையோடு பெண்கள் நிற்கிறார்கள். அறுக்கச் சொன்னால் உன்னைக் கைவிட்டதாகும். விடச் சொன்னால் அவனை. சுவரோடு சுவராக நின்றேன்.

மெர்லின் வாசலுக்கு வந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "ஆயா, இது நெசமா?" என்றாள்.

அத்தனை பேர் முன்னால், "நெசம்" என்றேன்.

ஜெரி அறுப்பதை நிறுத்தி இறங்கி வந்தான். "ஒரு டெஸ்ட்டு எடுத்துக்கோ நைனா" என்றேன். "நான் ஆம்பளையே இல்லன்னு ஊருக்குச் சொல்லிட்ட, இல்ல?" என்றான். ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கவில்லை. மறுநாளே ஆட்டோவைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டான்.

மெர்லின் என் முன்னால் முட்டி போட்டாள். நெற்றியில் சிலுவை போட்டேன். சீக்கிரம் வந்துவிடு என்பதுதான் நாக்கு வரைக்கும் வந்தது. அவள் காதில், "அவன் அந்த டெஸ்ட்டு எடுக்காங்காட்டி, கூப்ட்டாலும் வராத கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவன் பக்கத்தில்தான் நின்றான். கேட்டிருக்கும்.

இப்போது அதே அறையில் அவனும் நானும். சோறு போடுகிறேன், சுவரைப் பார்த்துத் தின்கிறான். ராத்திரி கதவைத் தாழ் போட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்த வயசில் போக வேறு வீடு ஏது?

என்னை விடு. ஆட்டோவில் ஏறும்போது மெர்லின், "எம்மனசு தேறணும்னு சொல்ற ஆயா நீ. கோளாறு என்கிட்டதான் கீது" என்றாள். ஆறு வருஷம் அவள் காதில் போட்டது ஒரு நாளில் போகுமா? அவளிடம் குறையில்லை என்று அவள் பேருக்கே ஒரு கடிதம் எழுது. உன் எழுத்தை எத்தனையோ டாக்டர்கள் படித்தது இருக்கட்டும். இதைத் தமிழில் எழுது, பெரிய எழுத்தாக எழுது, கீழே டாக்டர் என்று கையெழுத்துப் போடு.

உன் ஆயா
இருதயம்மாள்