நாலு பேர் என்று எழுதிய தாள்

10.02.2004, செவ்வாய் இரவு

எங்கள் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்காக நகரசபையிலிருந்து ஒருத்தி இன்று வீடு பார்க்க வந்தாள். இரண்டு அறைக்குள் எட்டுப் பேர் இருப்பது தெரிந்தால் மாற்று வீடே தரமாட்டார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் ஊர் மீன் தொழிற்சாலையில் வேலை போனபின் எங்களோடு தங்கியிருக்கும் என் கணவரின் தம்பி குடும்பத்தைக் காலையிலேயே பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோமுக்கு ரயிலேற்றிவிட்டோம். அவர்களுடைய மெத்தைகளை நிலவறையில் ஒளித்தோம். வாசலில் கிடந்த சப்பாத்துகளைக்கூட எண்ணித்தான் விட்டேன்.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள். நாலு பேர் என்றார் இவர். எழுதினாள். கையெழுத்து வைத்தோம்.

கதவடியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள், ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் புது வீடு தருவார்களாம். ஐந்து அறை வீடும் இருக்கிறதாம். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். பொய் சொன்னோம் என்று எப்படிச் சொல்வது? அவள் போய்விட்டாள்.

பின்னேரம் தம்பியின் மனைவி ராணி பிள்ளைகளோடு பனி அப்பிய உடுப்பில் வந்து நின்றாள்.

"என்னக்கா, சமாளிச்சிட்டியளோ?"

"ஓம்" என்றேன்.

"அப்பாடா, இனிப் பயமில்லை" என்று எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டாள். குடித்தேன். சூடு தெரியவில்லை.

மெத்தைகள் மேலே வந்துவிட்டன. ராணியின் சின்ன மகள் நித்திரையில் உருண்டு வந்து என் மடியில் காலைப் போட்டிருக்கிறாள். நாங்கள் கையெழுத்து வைத்த நாலு பேரில் இந்தக் கால் இல்லை.