தலை எந்தப் பக்கம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்பு மகன் புருஷோத்தமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீயும் உன் பட்டாளத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி வேண்டுதல். அரிகிருஷ்ணன் சாவைப் பற்றி நீ போனில் கேட்டபோது அழுகையை அடக்க முடியாமல் வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒன்றாகப் படித்து ஒன்றாகப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் நீங்கள். சண்டைக்குப் போன தேசத்தில் செத்த அவனை, உப்பளத்தில் இருக்கிற அவன் வீட்டுக்குப் பெட்டியில் கொண்டுவந்தார்கள், மேலே பிரான்ஸ் கொடி, ஈயம் வைத்து அடைத்த பெட்டி, திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். வாய்க்கரிசி போட அவன் அம்மா அங்கம்மாள் கை நிறைய அரிசியோடு நிற்கிறாள், முகமே தெரியவில்லை. தல எந்தப் பக்கம்னு அவர்கிட்ட கேளுண்ணா என்று உன் அப்பாவிடம் சொன்னாள். அப்பா பிரெஞ்சில் கேட்டார், கூட வந்த அதிகாரி ஒரு முனையைத் தொட்டுக் காட்டினார். அவள் போட்ட அரிசி கொடியில் நிற்காமல் வழுக்கித் தரையில் கொட்டியது. கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் மண்டியிட்டுப் பொறுக்கி, மரியாதையாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். பெற்ற பிள்ளைக்கு அவள் இரண்டாவது தடவை வாய்க்கரிசி போட்டாள்.

அப்புறம் அப்பாவிடம், இந்தச் சண்ட எதுக்கு, இன்னும் எத்தினி வருசத்துக்குன்னு அவர கேட்டுச் சொல்லுண்ணா என்றாள். உன் அப்பாவுக்கு இதற்குப் பதில் மனப்பாடம். தானும் அந்தப் பட்டாளத்தில் இருந்தவர் என்று, சாயங்காலமானால் கடற்கரையில் பென்ஷன் வாங்குகிற மற்ற பழைய பட்டாளத்துக்காரர்களோடு, அந்தச் சொல்தாக்களோடு உட்கார்ந்து, பாதியில் விட்டுவிட்டு வந்தால் இதுவரை செத்தவர்கள் செத்தது வீணாகிவிடும் என்று அடித்துப் பேசுகிறவர். அன்றைக்குக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, குனிந்துகொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது, வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். செத்தவனுக்காக இன்னொருத்தன் போக வேண்டும், அவனுக்காக வேறொருத்தன் என்றால் இது எங்கே போய் முடியும்? சண்டை நடக்கிற அந்த ஊர் ஜனங்களுக்காவது விடிந்தது என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம், இத்தனை வருஷம் கழித்தும் அவர்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது, மறுபடி கையெழுத்துப் போட்டால் உன்னையும் அந்தச் சண்டைக்குத்தான் அனுப்புவார்கள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தாய். முன்பெல்லாம் போடு போடு என்றவர், இப்போது கேட்டால், போடுன்னு சொல்ல வாய் வரல, போடாதன்னு சொல்லவும் வரல, நீயே எழுதிடு என்கிறார். எழுதிவிட்டேன், போடாதே. பயந்துகொண்டு வந்துவிட்டான் என்று பேசுகிறவர்கள் பேசட்டும், உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். அங்கம்மாளுக்கு மறக்காமல் போன் செய், உன் குரலைக் கேட்டால் அழுவாள், அழட்டும். நீ நூறு வயசு இருக்க வேண்டும் சாமி. எனக்கு வாய்க்கரிசி போட வேண்டியவன் நீ, என் முகத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

உன் அம்மா
கலைவாணி