கிளவுஸ் கொடுத்ததாக எழுதியவள்

மேரு, கிள்ளான்
12.3.2025, புதன்கிழமை

அன்புள்ள தங்கமணிக்கு,

ஜோசஃபின் அக்கா எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுங்கைப் பட்டாணிக்கு மகள் வீட்டோடு போனதிலிருந்து நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். இரண்டு தடவை உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன். அதனால்தான் கடிதம். சுகுமாறன் தம்பிக்கு ஐந்தாவது கீமோ முடிந்தது, வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நிணநீரில் புற்று என்றால் என்னவென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பயம்தான். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் விமலன் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஸ்டோர் வேலையை விட்டு மூன்று வருஷத்தில் அவர் என் வாசலை மிதித்ததே இல்லை. ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சாலையோரம் களைக்கொல்லி அடித்த எல்லாருக்கும், தம்பியைப் போன்ற கன்ட்ராக்ட் ஆட்களுக்கும், மாதாமாதம் கிளவுஸ், மாஸ்க் கொடுத்தோம், ஸ்டோர் புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மை என்று அதில் இருந்தது. தம்பி போட்ட கேசுக்குக் கம்பெனியின் பதில் அதுதானாம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை, தங்கமணி. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "அக்கா, புக்கு முழுக்க உங்க எழுத்துதான். அது பொய்னா பொய் எழுதினது நீங்க, கம்பெனி இல்ல லா. போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். செருப்பை மாட்டும்போது, உங்க மகன் ரோனி நம்ம கம்பெனி லோரிய நல்லா ஓட்டுறான், அவன மாதிரி ஆள் கிடைக்காது என்றும் சொன்னார். அன்றிலிருந்து வாசலில் கார் நின்றாலே உள்ளே போய்விடுகிறேன். கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் துணி காயப்போடுகிறேன்.

இனி எழுதுவதை நீ உட்கார்ந்து படி.

அந்தப் புத்தகத்தில் தம்பி பெயருக்கு நேராக இருப்பது அவர் போட்ட கையெழுத்து இல்லை. நான் போட்டது. மாசக் கடைசியில் ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு இருபத்திரண்டு பேருக்கும் நானே போடுவேன். ஒரே ஆள் போட்டதாகத் தெரியக் கூடாதென்று மூன்று பேனா வைத்திருந்தேன். தம்பி 'சு'வைப் பெரிதாக வளைப்பார். அதையும் பழகிக்கொண்டேன். பதினோரு வருஷம்.

கிளவுஸ் வராமல் இல்லை. எட்டுப் பெட்டி மேல் தட்டில் இருந்தது. சோதனைக்கு ஆபீசர்கள் வரும் அன்று எடுத்துக் கொடுப்போம். அவர்கள் போனதும் திரும்ப வாங்கி அடுக்கிவிடுவோம். மேனேஜர் சொன்னார், செய்தேன். ஒரு நாள் மத்தியானம் தம்பி வந்து நின்றார். முதுகில் மாட்டிய மருந்துப் பம்பு ஒழுகி, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. விரல் இடுக்கில் தோல் உரிந்திருந்தது. "அக்கா, ஒரு ஜோடி இருந்தா கொடுங்களேன், எரியுது" என்றார். ஸ்டாக் இல்லை தம்பி என்றேன். பெட்டிகள் என் தலைக்கு மேலேயே இருந்தன. அவர் குழாயில் கையைக் கழுவிவிட்டு, நீ கட்டிக் கொடுத்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று காலை ரோனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வேலை போய்விடும், அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். அவன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "அம்மா, அந்தக் களை மருந்து டின்னெல்லாம் இப்ப நான்தானே ஏத்தி இறக்குறேன். எனக்கு ஒருத்தரும் கிளவுஸ் கொடுத்ததில்ல. அப்ப என் கையெழுத்த யாரு போடுறா?" என்று கேட்டான்.

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் வேலைக்காகப் பயந்துகொண்டிருந்தேனே, அவனுக்காக நான் பயப்படவே இல்லை.

வெள்ளிக்கிழமை

கொம்யூட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்துவிட்டேன். உங்கள் வக்கீல் ருமானாவின் ஆபீஸ் மூன்றாவது மாடி. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். அந்தப் பெண்ணே இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவளுக்கு நோன்பு. எனக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான் சொல்ல வாயெடுத்ததுமே நிறுத்தச் சொன்னாள். "ஆன்டி, நான் சுகுமாறன் அங்கிளோட வக்கீல், உங்க வக்கீல் இல்ல. இதச் சொன்னா உங்களுக்கு ஒன்னும் ஆகாதுன்னு நான் சொல்ல முடியாது" என்றாள். முதலில் எனக்கென்று ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னாள். பக்கத்துக் கட்டடத்தில் ஒருவரிடம் போனேன். பொய்க் கையெழுத்துக்கு என் மேல் கேஸ் வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு ருமானாவிடம் திரும்பி வந்து, பெட்டி, பேனா, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதியதில் கையெழுத்துப் போடும்போது இரண்டு தடவை பிசகியது. கோர்ட்டிலும் வந்து சொல்வேன் என்றிருக்கிறேன்.

களைக்கொல்லியால்தான் இந்த நோய் வந்தது என்று கோர்ட் ஒத்துக்கொள்ளுமா என்று ருமானாவுக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் டாக்டர்கள் வந்து பேசுவார்களாம். விமலனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார். பதில் இல்லை. ரோனி இன்று வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை ருமானா உங்களுக்குப் போன் செய்வாள். அதுவரை பொறுக்கும்படி நான்தான் கெஞ்சினேன். தம்பி இதை இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. நாளைக் காலையில் போஸ் லாஜு விரைவு அஞ்சலில் போட்டால் திங்களன்று உன் கைக்கு வந்துவிடும். அவருக்கு வலி குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து நீயே படித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே. அவர் என்னைத் திட்டினால் திட்டியதை அப்படியே எழுது. பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. அப்படிச் சொன்னால் எனக்கு எழுதாதே, தங்கமணி.

நீ கும்பிடும் சாமியும் என் மாதாவும் அவரை உன்னிடமே விட்டு வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுப் படியேறத் தைரியமில்லாத
ஜோசஃபின்